பனி இறங்கினால் ஊமையாகும் கட்டைகள்

குழு: சேர்வராயன் சொந்தங்கள்

*வெள்ளி, மாலை 6:10*

ஜெனி: (வீடியோ) செவ்வாய்ப்பேட்டை மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. கோயில் கீபோர்டு மறுபடியும் தகராறு. மிடில் சி-க்கு மேலே ஈ, எஃப் ரெண்டு கட்டையும் ஊமை. பக்கத்து ஜி மட்டும் எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் அலறுகிறது.

ஜெனி: நடுவில் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிறது. அப்போது வைத்திருந்த டோன், ரிதம் எல்லாம் போய்விடுகிறது.

மேரி அத்தை: போன மாதம்தானே சேலத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். கடைக்காரர் எல்லாக் கட்டையையும் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்று செக்கிங் சார்ஜ் மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஜெனி: அங்கே நிஜமாகவே நன்றாக வாசித்தது அத்தை. ஏற்காடு மலை ஏறி நம்ம நாகலூர் வந்து இறக்கி, அன்று சாயங்காலம் பனி மூடியதும் பழைய கதை.

டேவிட் அண்ணன்: புதுசு வாங்கிவிடலாம். ஆன்லைனில் ஆஃபர் ஓடுகிறது. லிங்க் போடட்டுமா?

செவ்வாய்ப்பேட்டை மாமா: லிங்க் அப்புறம் போடு தம்பி. புதுசு வந்தாலும் அதே பனியில்தான் இருக்கப்போகிறது.

செவ்வாய்ப்பேட்டை மாமா: கடைக்காரர் மேல் தப்பு இல்லை. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டர்கூட இல்லை. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வெயிலுக்கு வந்ததும் உள்ளே இருந்த ஈரம் காய்ந்திருக்கும். கடை மேஜையில் வைக்கும்போது நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டான். இனிமேல் கீழே கொண்டுவராதே. கோளாறு எங்கே இருக்கிறதோ அங்கேயே பார்ப்போம்.

லூர்து சித்தப்பா: காப்பி காயவைக்கிற களத்தில் அரை நாள் போட்டால் காய்ந்துவிடாதா?

செவ்வாய்ப்பேட்டை மாமா: மச்சான், கட்டை எல்லாம் பிளாஸ்டிக். நேர் வெயிலில் வளைந்து போகும். அப்புறம் கீபோர்டையும் மூட்டையில் கட்டி மண்டிக்கு அனுப்ப வேண்டியதுதான் 😄

செவ்வாய்ப்பேட்டை மாமா: ஜெனி கண்ணு, முதலில் கரண்ட் விஷயத்தைப் பிரிப்போம். அடாப்டரைக் கழற்றிவிடு. அடியில் பேட்டரி போடும் இடம் இருக்கிறதா?

ஜெனி: இருக்கிறது மாமா. பெரிய டார்ச் பேட்டரி ஆறு கேட்கிறது.

செவ்வாய்ப்பேட்டை மாமா: ஆறும் புதுசாகப் போடு. பழையதையும் புதியதையும் கலக்காதே. சார்ஜ் செய்கிற பேட்டரியும் வேண்டாம், அது ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான். சாதா பேட்டரி 1.5, ஆறு சேர்ந்தால் 9 வோல்ட். போட்டு சவுண்டை ஏற்றி அரை மணி நேரம் வாசித்துப் பார்.

*வெள்ளி, இரவு 8:25*

ஜெனி: மாமா, பேட்டரியில் ஒருமுறைகூட ஆஃப் ஆகவில்லை! ஆனால் ஈ, எஃப் அப்படியேதான் இருக்கிறது. ஜி அலறலும் நிற்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை மாமா: அப்போது ரெண்டு வியாதி. ஆஃப் ஆவது அடாப்டர் பக்கம், அது சுலபம். கீபோர்டுக்கு அடியில் பிளக் வட்டத்தோடு பிளஸ் மைனஸ் படம் போட்டிருக்கும். அதையும் எத்தனை வோல்ட் என்பதையும் போட்டோ எடுத்து அனுப்பு. சில மாடலுக்கு நடுவில் பிளஸ், சிலதுக்கு மைனஸ். பின் பொருந்துகிறதே என்று வீட்டில் கிடக்கிற எதையாவது சொருகிவிடாதே. மாற்றிச் சொருகினால் போர்டே போய்விடும்.

ஜெனி: (போட்டோ)

செவ்வாய்ப்பேட்டை மாமா: சரி, இது என்னிடம் இருக்கிறது. இப்போது கட்டைக்கு வருவோம். கீழிருந்து மேல்வரை ஒவ்வொன்றாகத் தட்டு. ஊமைக் கட்டைகள் சம இடைவெளியில் வருகிறதா, ஒவ்வொரு எட்டாவது கட்டை என்கிற மாதிரி? அப்படி வந்தால் உள்ளே ரிப்பன் ஒயரோ போர்டோ. அது நம் கையில் இல்லை.

ஜெனி: இல்லை மாமா. அந்த ரெண்டு மட்டும்தான். பக்கத்து பக்கத்துக் கட்டை.

செவ்வாய்ப்பேட்டை மாமா: நல்ல சேதி. கட்டைக்கு அடியில் ரப்பர் இருக்கும், அதில் கறுப்புக் கார்பன் புள்ளி. உன் கீபோர்டு தொடுகைக்குத் தகுந்தபடி சத்தம் தருகிற ரகம், அதனால் கட்டைக்கு ரெண்டு புள்ளி. முதல் புள்ளி பட்டதற்கும் இரண்டாவது பட்டதற்கும் நடுவில் உள்ள நேரத்தை வைத்துத்தான் மெதுவாக அடித்தாயா ஓங்கி அடித்தாயா என்று கணக்குப் போடுகிறது. ஈரமும் தூசியும் படிந்து ஒரு புள்ளி சரியாக ஒட்டாவிட்டால் கணக்கு குழம்பும். ஒன்று ஊமை, இல்லாவிட்டால் அலறல்.

பாட்டி: (குரல் பதிவு) அந்தக் காலத்தில் கோயிலில் காலால் மிதிக்கிற பெட்டி இருந்தது. அதற்குப் பேட்டரியும் கிடையாது, கம்பியூட்டரும் கிடையாது.

செவ்வாய்ப்பேட்டை மாமா: அத்தை, அந்தப் பெட்டியும் ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு கட்டை மேலே எழாமல் கிடக்கும். மறந்துவிட்டீர்களா?

பாட்டி: (குரல் பதிவு) அதைத் திரி விளக்குப் பக்கத்தில் வைத்தால் சரியாகிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை மாமா: இப்போது அதையேதான் செய்யப்போகிறோம். ஜெனி, மேஜை விளக்கில் பழைய குண்டு பல்பு போட்டு, கட்டைகளுக்கு மேலே ரெண்டு அடி உயரத்தில் ஒரு மணி நேரம் எரியவிடு. வெதுவெதுப்பு போதும். அப்புறம் தட்டிப் பார்.

*வெள்ளி, இரவு 10:02*

ஜெனி: எஃப் பேசுகிறது!! ஜி அடங்கிவிட்டது. ஈ இன்னும் ஊமை.

மேரி அத்தை: மாதாவே ஸ்தோத்திரம். இதோடு விட்டுவிடலாமா?

செவ்வாய்ப்பேட்டை மாமா: காலைப் பனிக்கு மறுபடி படுத்துக்கொள்ளும். ஈரம்தான் என்று உறுதியாயிற்று, அவ்வளவுதான். திறந்து துடைக்கணும். மச்சான், நாளைக்கு மிளகு லோடோடு கீழே வருகிறீர்கள் அல்லவா? அடாப்டரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டிலும் தருகிறேன்.

மேரி அத்தை: ஆல்கஹால்தானே, வீட்டில் சானிடைசர் இருக்கிறதே?

செவ்வாய்ப்பேட்டை மாமா: அதில் கிளிசரின் கலந்திருக்கும். பிசுபிசுப்பு நின்றுவிடும். துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

டேவிட் அண்ணன்: சனிக்கிழமை சரியாகாவிட்டால் ஞாயிறு பூசைக்கு என்ன செய்வது?

செவ்வாய்ப்பேட்டை மாமா: ஆக்டேவ் பட்டனில் மைனஸ் 1 வைத்து, வலது கையை ஒரு ஸ்தாயி மேலே தள்ளி வாசிக்கலாம். சத்தம் பழைய இடத்தில்தான் வரும். ஊமைக் கட்டை கைக்கே வராது.

ஜெனி: அட! இது தெரியாமல் போன வாரம் முழுக்க ஈ இல்லாமல் பாட்டை ஓட்டினேன். ஃபாதர் ஒருமாதிரி பார்த்தார்.

*சனி, மதியம் 2:40*

ஜெனி: சாமான் வந்துவிட்டது. சித்தப்பாவும் நானும் உட்கார்ந்திருக்கிறோம்.

செவ்வாய்ப்பேட்டை மாமா: பிளக், பேட்டரி ரெண்டையும் எடுத்தாயிற்றா? அடுப்புப் பக்கம் வேண்டாம், அந்த பாட்டில் தீப்பிடிக்கும். கம்பளி விரித்துக் கவிழ்த்து வை. ரெண்டு ஓரத்திலும் துண்டைச் சுருட்டிக் கொடு, பாரம் கட்டைமேல் இறங்கக்கூடாது. ஸ்குரூ நீளம் இடத்துக்கு இடம் மாறும்.

லூர்து சித்தப்பா: (போட்டோ) முட்டை அட்டையில் போட்டு, குழிக்குக் குழி பேனாவால் இடம் எழுதிவிட்டோம்.

செவ்வாய்ப்பேட்டை மாமா: பிரமாதம். ஒவ்வொரு ஒயரையும் போட்டோ எடுத்த பிறகு கழற்றுங்கள். கட்டை வரிசையை எடுத்தால் ரப்பர் பட்டை தெரியும். காம்பு காம்பாக ஓட்டையில் மாட்டியிருக்கும், மெதுவாகப் பிடுங்கணும்.

*சனி, மதியம் 3:35*

ஜெனி: (போட்டோ) மாமா, ரப்பருக்கு உள்பக்கம் வேர்த்த மாதிரி இருக்கிறது. எஃப், ஜி-க்கு நேராக போர்டில் வெள்ளையாக ஒரு படலம். ஈ-க்கு ரப்பர் கும்மாச்சியே ஓரத்தில் கிழிந்திருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை மாமா: படலத்தைப் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டு ஒற்றி எடு. தேய்க்காதே, கறுப்புப் பூச்சு உரிந்து வந்துவிடும். ரப்பர் புள்ளிகளை நூல் பிரியாத துணியால் லேசாகத் துடை.

ஜெனி: கிழிந்ததுக்கு?

செவ்வாய்ப்பேட்டை மாமா: பட்டை எத்தனை துண்டாக இருக்கிறது? ஒரு ஸ்தாயிக்கு ஒன்றா?

ஜெனி: ஆமாம். எல்லாம் ஒரே அளவு. கடைசியில் மட்டும் ஒரு கட்டை கூடுதல்.

செவ்வாய்ப்பேட்டை மாமா: கோயில் பாட்டுக்குக் கீழ்க்கோடி ஸ்தாயியில் ஈ-யைத் தனியாக அடிப்பாயா?

ஜெனி: ரிதம் போட்டால் அங்கே இடது கை கார்டு பிடிக்கிறது. ஈ இல்லாமலும் சமாளிக்கலாம். வேறு விதமாகப் பிடித்துக்கொள்வேன்.

செவ்வாய்ப்பேட்டை மாமா: அப்போது அந்தப் பட்டையை நடுவுக்குக் கொண்டுவா. கிழிந்தது அங்கே போகட்டும். திருப்பி மாட்டிவிடாமல் பார். முழுக்கக் காய்ந்த பிறகு மூடு.

*ஞாயிறு, காலை 10:15*

மேரி அத்தை: (வீடியோ) காணிக்கைப் பாட்டு. பனி வாசல்வரை வந்து நின்றது, ஒரு கட்டையும் மக்கர் பண்ணவில்லை.

செவ்வாய்ப்பேட்டை மாமா: நல்லது. பூசை முடிந்ததும் என்ன போட்டு மூடுகிறீர்கள்?

மேரி அத்தை: பிளாஸ்டிக் கவர். தூசி படக்கூடாது என்று.

செவ்வாய்ப்பேட்டை மாமா: அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை அது. பருத்தித் துணி போதும். வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். ஷூ டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பெட்டிக்குள் போடலாம், ஆனால் ஈரம் குடித்த பழைய பொட்டலத்தைச் சூடாக்காமல் வைத்து பிரயோஜனம் இல்லை. எல்லாவற்றையும்விட, தினமும் கொஞ்சம் வாசிக்கணும்.

ஜெனி: தினமும் வாசிக்க கோயில் சாவி வேண்டுமே. உபதேசியாரிடம் அத்தைதான் கேட்கணும்.

மேரி அத்தை: கேட்கிறேன். மாமா, அடாப்டருக்கு எவ்வளவு?

செவ்வாய்ப்பேட்டை மாமா: பணம் வேண்டாம். அடுத்த லோடில் அரைக் கிலோ மிளகு போட்டுவிடுங்கள், உருண்டையாகப் பார்த்து.

டேவிட் அண்ணன்: மாமா, என் லேப்டாப்பிலும் ஒரு பட்டன் ரெண்டு தரம் விழுகிறது. திறந்து பார்க்கட்டுமா?

செவ்வாய்ப்பேட்டை மாமா: நீ பெங்களூரில்தானே இருக்கிறாய்? கடைக்குக் கொண்டுபோ.