இருங்காட்டுக்கோட்டையில் என் முதல் சுற்றுகள்

அனைவருக்கும் வணக்கம். பந்தயக் காரை முதன்முறையாக ஓட்டியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதும்படி இங்கே கேட்டிருந்தார்கள். சென்ற ஆண்டு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒருநாள் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். அன்று நடந்ததை, நினைவில் உள்ளவரை, விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு வயது 47. என் தந்தை அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். 1980களில் சோழவரத்தில் பந்தயம் நடக்கும் நாட்களில் என்னை ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்து அழைத்துச் செல்வார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. வெயிலில் கூட்டத்துக்கு நடுவே அவர் தோள்மீது அமர்ந்து, கார் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் சத்தம் வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் அமைத்தது. சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கும் அந்தத் தடத்தைப் பலமுறை கடந்து சென்றிருக்கிறேன். உள்ளே போய் ஓட்டுவதற்கு இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்பா இப்போது இல்லை.

காலை வகுப்பு ஒன்றரை மணி நேரம் நடந்தது. கொடிகளின் பொருளைத்தான் முதலில் சொல்லித் தந்தார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகப் பிட்டுக்கு, அதாவது தடத்தின் ஓரமாகக் கார்களை நிறுத்தும் இடத்துக்கு, திரும்ப வேண்டும். பிறகு ஒரு வளைவைப் பலகையில் வரைந்து, வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்துக்குப் போகும் கோட்டை விளக்கினார் பயிற்றுநர். அகலமான வில்லாக ஓட்டும்போது வளைவின் கூர்மை குறைகிறது, அதனால் அதிக வேகத்தைக் காப்பாற்ற முடிகிறது என்பது கேட்ட உடனே புரிந்துவிட்டது. புரிந்ததைக் காலும் கையும் செய்வதற்குத்தான் அன்று மாலை வரை ஆயிற்று.

கார் 1300 சிசி எஞ்சின் பொருத்திய, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய, மேல்மூடி இல்லாத பந்தயக் கார். ஸ்டீயரிங்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, இருக்கையின் மேல் ஏறி நின்று, இரண்டு பக்கமும் கையை ஊன்றி மெல்ல உள்ளே வழுக்கி இறங்க வேண்டும். கால்கள் நேராக நீண்டுவிடுகின்றன. தரைக்கும் நமக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லாதது போன்ற உணர்வு. இருக்கையோடு கட்டும் ஆறு வார்களைப் பூட்டி, தோள் வார்களை உதவியாளர் இழுத்த இழுப்பில் ஆழ்ந்து மூச்சு விட முடியவில்லை. இறுக்கம் அதிகமோ என்று கேட்டேன். “இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும், சார்” என்று சொல்லி மறுபடி இழுத்தார். அவர் செய்தது எவ்வளவு சரி என்பது பிற்பகலில் தெரிந்தது.

வேகமானி இல்லை. எஞ்சின் சுழற்சியைக் காட்டும் கருவி மட்டும் இருந்தது. கியர் தண்டு வலக்கைப் பக்கம் இருந்தது. 24 ஆண்டுகளாக இடக்கையால் கியர் மாற்றிப் பழகியவனுக்கு, இரண்டாவது கியருக்குப் போவதே யோசித்துச் செய்யும் வேலையாகிவிட்டது. பிட்டிலிருந்து கிளம்பும்போது இரண்டு முறை எஞ்சின் அணைந்தது.

முதல் மூன்று சுற்றுகள் வழிகாட்டிக் காரின் பின்னால். டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிமானம் குறைவு என்பதால் அவசரம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சுற்றுகளில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தமும் அதிர்வும்தான். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் கத்துகிறது. தார்ச்சாலையின் ஒவ்வொரு ஒட்டும் முதுகெலும்பு வழியாக ஏறுகிறது. தடத்தின் நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். மூன்றாவது சுற்று முடிந்தபோதுதான் எந்த வளைவுக்குப் பின் எது வரும் என்பது ஓரளவு மனதில் நின்றது.

தனியாக ஓட்டத் தொடங்கிய பிறகு நான் செய்த பெரிய தவறு பிரேக்கில். நேர்தடத்தின் முடிவில் தூரத்தைக் காட்டும் பலகைகள் இருக்கும். முதல் பலகைக்கு வெகு முன்பே நான் காலை எடுத்து, பிரேக்கை மெதுவாகத் தொட்டு, வளைவு நெருங்க நெருங்க அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். சாலையில் நாம் எல்லோரும் அப்படித்தான் நிறுத்துகிறோம். பின்னால் இருக்கும் அம்மாவும் குழந்தையும் முன்னால் சாய்ந்துவிடக் கூடாது என்று பழகிய பழக்கம் அது. பயிற்றுநர் என்னைப் பிட்டுக்கு அழைத்து, இங்கே அது தலைகீழ் என்றார். முதல் தொடுதலிலேயே முழு பலத்தையும் கொடுத்துவிட்டு, ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப அழுத்தத்தை விட்டுக்கொண்டே வர வேண்டும். டயருக்கு உள்ள பிடிமானம் ஓர் அளவுதான். அதை முழுவதும் பிரேக்குக்குச் செலவழித்தால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. நானோ, திரும்ப வேண்டிய நேரத்தில் பிரேக்கை மிக அதிகமாக அழுத்திக்கொண்டிருந்தேன். அதனால்தான் காரின் மூக்கு சொன்ன பேச்சைக் கேட்காமல் வெளியே வெளியே போனது.

அவர் சொன்னபடி செய்ய முயன்றபோது இன்னொன்று தெரிந்தது. நம் வீட்டுக் காரில் உள்ளதுபோல் காலின் பலத்தைப் பெருக்கித் தரும் உதவி இதில் கிடையாது; மிதி கல்லாக இருந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. ஒரு முறை பயத்தில் அடித்து மிதித்ததில் முன் இடச் சக்கரம் சுழலாமல் தேய்ந்து புகை கிளம்பியது. அதன்பின் அந்த டயரில் ஓரிடம் தட்டையாகி, ஓட்டம் முடியும்வரை தட்தட்டென்று ஸ்டீயரிங்கில் அடித்துக்கொண்டே இருந்தது.

பிற்பகலில்தான் கார் சுழன்றது. தவறு முழுக்க என்னுடையது. வளைவின் நடுவில், வேகம் கூடிவிட்டது என்று தோன்றியவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்துவிட்டேன். அப்படி எடுத்தால் எடை முன்பக்கம் சாய்ந்து பின் டயர்கள் இலேசாகிவிடும் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். பின்புறம் என்னை முந்திக்கொண்டு வந்தது. வானம், தடம், டயர்ச் சுவர், மீண்டும் தடம். “சுழன்றால் கிளட்ச், பிரேக் இரண்டையும் மிதி” என்ற ஒரு வரி மட்டும் எப்படியோ நினைவுக்கு வந்தது. புழுதிக்குள் எதிர்த்திசையைப் பார்த்தபடி கார் நின்றபோது, தடத்தோரம் காவல் நிற்கும் மார்ஷல் ஒருவர் ஏற்கெனவே மஞ்சள் கொடியை வீசிக்கொண்டிருந்தார். அவர் கைகாட்டும் வரை நான் அசையவில்லை. தோள் வார்கள் இரண்டும் என்னை இருக்கையோடு சேர்த்துப் பிடித்திருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். நாள் முழுவதும் அந்த வெயிலில், மற்றவர்களின் உயிருக்காக ஒரு கொடியுடன் நிற்கும் அந்த மனிதர்களுக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சுழன்றதற்குக் காரணம் கால் மட்டும் அல்ல, கண்ணும்தான் என்றார் பயிற்றுநர். நான் டயர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போக வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. கடைசி ஓட்டத்தில் கண்ணை வளைவின் முடிவிலேயே வைத்து ஓட்டியபோது, ஆறேழு சுற்றுகளில் ஒரே ஒரு சுற்றில், ஒரே ஒரு வளைவில், எல்லாம் அமைந்தது. முழு அழுத்தம், படிப்படியான விடுவிப்பு, உள் ஓரத்தைத் தொடுதல், வெளியே வரும்போது முழு ஆக்சிலரேட்டர். அந்த நான்கைந்து வினாடிகளுக்குள் கார் என்னோடு ஒத்துப்போனது. அடுத்த வளைவிலேயே மறுபடி பிசகினேன் என்றாலும், அந்த ஒரு வளைவை இன்றும் கண்ணை மூடினால் ஓட்ட முடிகிறது.

கோவையிலிருந்து ஒரு பகிர்வு

அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் முதன்முதலில் ஓட்டியது செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில். 2.1 கிலோமீட்டர்தான், நீளம் குறைவாக இருப்பதால் மூச்சுவிட இடமே கிடையாது, ஒரு வளைவை முடித்துக் கையைத் தளர்த்துவதற்குள் அடுத்தது வந்துவிடும். மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி காரை உருவாக்கி, எத்தனையோ இளைஞர்களுக்குப் பந்தயத்தைக் கைக்கெட்டும் விலையில் கொண்டுவந்த கரிவரதனின் நினைவாக அந்தப் பெயர். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியபோது எங்கள் ஊரே தொலைக்காட்சி முன் இருந்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு.

உங்களுக்குச் சிரமம் பிரேக்கில் என்றால் எனக்கு மழையில். ஆடி மாதத்துச் சாரல் விடாமல் பெய்த நாள் அது. காலை வகுப்பில் மனப்பாடம் செய்த கோடு நனைந்த தடத்தில் பயன்படவில்லை. எல்லோரும் ஓடி ஓடி ரப்பரும் எண்ணெயும் படிந்த அந்தக் கோடுதான் மழையில் அதிகம் வழுக்குமாம். அதைவிட்டு விலகி, சொரசொரப்பான பகுதியைத் தேடி ஓட்ட வேண்டும் என்றார்கள். சிவப்புக் கோடுகள் போட்ட மஞ்சள் கொடி, அதாவது தடம் வழுக்குகிறது என்ற எச்சரிக்கை, நான் ஓட்டிய நேரம் முழுக்க அசைந்துகொண்டே இருந்தது. உள் ஓரத்து வண்ணக் கட்டையை ஒரு முறை தொட்டதற்கே கார் அரை வட்டம் போட்டது.

என் உயரம் ஐந்தடிக்கும் சற்றுக் குறைவு. முதுகுக்குப் பின்னால் நுரைத் திண்டுகளை அடுக்கிய பிறகுதான் கிளட்ச் முழுதாக எட்டியது. உயரம் குறைந்த பெண்கள் யாராவது போவதாக இருந்தால், கூச்சப்படாமல் இதை முதலிலேயே கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். பாதி மிதித்த கிளட்சோடு ஓட்டி நான் முதல் அரை மணி நேரத்தை வீணாக்கினேன். அண்ணா, வலக்கைக் கியர் உங்களுக்கு எத்தனை சுற்றில் பழகியது? எனக்கு அன்று முழுதும் பழகவில்லை.

தங்கைக்குப் பதில்

உண்மையைச் சொன்னால் எனக்கும் பழகவில்லை, தங்கச்சி. பிற்பகல் இடைவேளையில், எஞ்சின் அணைந்திருந்த காரில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு முப்பது நாற்பது முறை மாற்றிப் பார்த்தேன். அதன்பின் ஓரளவு கை போனது. மழை நாளில் ஓட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. ஐப்பசியில் மறுபடி பயிற்சி இருக்கிறது என்றார்கள். பெயர் கொடுத்துவிட்டேன்.