ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ் (நியூ மெக்சிகோ): டிசம்பரில் அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

ஃபீனிக்ஸ்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். மாயவரத்துக்காரர், வயது 71, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கிராண்ட் கேன்யனுக்குக் கூட்டிப் போனேன். பத்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, "பள்ளம் பெரிசுதான். ஆனா ஆறு அவ்வளவு கீழ கெடக்கே, கால் நனைக்க முடியலையே" என்றார். அதிலிருந்து வீட்டில் ஒரே புலம்பல். காவிரியில் துலாக் கட்டத்தில் முங்கி வளர்ந்தவருக்கு ஃபீனிக்ஸில் எதைக் காட்டுவது?

கூட வேலை செய்பவர் ஒருவர் இந்த ஊரைச் சொன்னார். பாலைவனத்துக்கு நடுவில் சின்ன ஊர், ரியோ கிராண்டே ஆற்றங்கரை, வெந்நீர் ஊற்று, மூட்டு வலிக்கு நல்லது என்றார். டிசம்பர் மூன்றாம் வாரம் நான்கு நாள் விடுப்பு இருக்கிறது. அப்பாவுக்கு ஆறு, எனக்கு ஓய்வு, அவ்வளவுதான் திட்டம். யாராவது போயிருக்கிறீர்களா? அப்பா சைவம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம், ஒரு ஊருக்கு ஏன் இப்படி ஒரு பெயர்?


லாஸ்குரூசஸ் அக்கா எழுதியது:

தம்பி, நான் லாஸ் குரூசஸில் 19 வருடமாக இருக்கிறேன். அங்கிருந்து அந்த ஊர் வடக்கே 75 மைல். முழங்கால் வலிக்கும் போதெல்லாம் போய் வருகிறேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

முதலில் கெட்ட செய்தி. டிசம்பரில் ஆறு இருக்கும், தண்ணீர் பேருக்குத்தான் இருக்கும். ஊருக்கு மேலே எலிஃபன்ட் பியூட் அணை, 1916இல் கட்டி முடித்தது. ஊருக்குக் கீழே கபாயோ அணை, 1938. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது ஊர். பாசனத்துக்குத் திறந்தால்தான் ஆறு ஆறாக ஓடும். குளிர்காலத்தில் பாசனம் கிடையாது, திறக்கவும் மாட்டார்கள். எங்கள் பக்கம் ஆறு வெறும் மணல், நாயைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குள்ளேயே நடைப்பயிற்சி போகிறோம். அந்த ஊரில் அவ்வளவு மோசம் இல்லை, கணுக்கால் அளவுக்கு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். முங்கலாம் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதே.

இதை அவருக்கு விளக்க நீ கஷ்டப்படவே வேண்டாம். "மேட்டூர் மூடியிருக்கு" என்று ஒரு வார்த்தை சொல், டெல்டாக்காரருக்குப் புரிந்துவிடும். இன்னும் கொஞ்சம் பேச்சு வேண்டுமென்றால், இந்த ஆற்றுத் தண்ணீருக்காக டெக்சஸ் நியூ மெக்சிகோ மீது 2013இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதையும் சொல். மேலே இருப்பவன் கிணறு வெட்டி உறிஞ்சுகிறான் என்பது கீழே இருப்பவனின் புகார். வண்டியில் ஆறு மணி நேரத்துக்கு அவர் பேச இது போதும்.

இனி நல்ல செய்தி. அந்த ஊரில் பார்க்க வேண்டியது ஆறு இல்லை, தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர். பழைய கடைத்தெருப் பகுதி முழுக்க நிலத்தடி நீரே சூடாக இருக்கிறது. 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். கந்தக வாடை துளியும் இல்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. வேறு சில ஊற்றுகளில் குளித்துவிட்டு வந்தால் இரண்டு நாள் அழுகின முட்டை வாசனை போகாது. இங்கே பத்துக்குக் கிட்ட குளியல் விடுதிகள். எல்லாம் பழைய கட்டடங்கள், சுவரில் நீலமும் இளஞ்சிவப்பும் அடித்திருப்பார்கள். சிலதில் தொட்டிக்கு அடியில் சிமென்ட் கிடையாது, கூழாங்கல்தான். அதன் வழியாகவே ஊற்று மேலே வரும். கால் வைத்தால் கல்லுக்கு நடுவில் சூடு குறுகுறுக்கும். ஆற்றங்கரையை ஒட்டியே வெளியில் தொட்டி வைத்திருக்கும் விடுதியும் உண்டு. அதைப் பிடி. கழுத்து வரை வெந்நீர், கண்ணுக்கு எதிரே ஆறு, அதற்கு அப்பால் டர்ட்டில்பேக் மலை. மலை உச்சியில் ஆமை ஒன்று படுத்திருக்கிற மாதிரி ஒரு பாறை. எனக்கு அது தெரிய மூன்று தடவை போக வேண்டியிருந்தது.

பொதுத் தொட்டியில் நீச்சல் உடை கட்டாயம். அப்பா வேட்டி, துண்டு என்று அடம்பிடிப்பார். தனி அறைத் தொட்டி மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும், அதை எடு. கதவைச் சாத்திவிட்டால் கோவணம் கட்டினாலும் கேட்பாரில்லை. ஒரு முறைக்குப் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் விடாதே. ரத்த அழுத்த மாத்திரை போடுகிறார் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா. எழும்போது நீ கையைப் பிடித்துக்கொள், தலை சுற்றும். என் மாமியாருக்குச் சுற்றியது.

பெயர்க் கதை: 1950 வரை ஹாட் ஸ்பிரிங்ஸ் என்றுதான் பெயர். வானொலியில் 'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்' என்று ஒரு விளையாட்டு நிகழ்ச்சி. பதில் தப்பானால் ஏதாவது கோமாளித்தனம் செய்ய வேண்டும். பத்தாவது ஆண்டுக்கு, எங்கள் நிகழ்ச்சியின் பெயரை வைத்துக்கொள்ளும் ஊரில் வந்து ஒலிபரப்புகிறோம் என்று அதை நடத்திய ரால்ஃப் எட்வர்ட்ஸ் அறிவித்தார். இவர்கள் ஓட்டுப் போட்டு மாற்றிக்கொண்டார்கள். உள்ளூரில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, 'டி ஆர் சி'தான்.

வழி: ஐ-10 நெடுஞ்சாலையில் டெமிங் வரை வா. லாஸ் குரூசஸ் வர வேண்டாம், டெமிங்கில் 26ஆம் எண் சாலையில் திரும்பினால் ஹேட்ச். அங்கிருந்து ஐ-25இல் வடக்கே 40 மைல்.


சாலைப்பித்தன் எழுதியது:

நான் போயிருக்கிறேன், ஒரு மதியத்துக்கு மேல் அங்கே ஒன்றுமில்லை. பாதிக் கடைகள் சாத்திக் கிடந்தன. ஆறும் பாலைவனமும் வேண்டுமென்றால் யூட்டாவில் மோவாப் போங்கள் நண்பரே. கொலராடோ ஆறு எப்போதும் ஓடும், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காக்களும் பக்கத்திலேயே. அப்பாவுக்கு இன்னொரு முறை விசா கிடைக்குமோ என்னவோ, இருக்கிற நான்கு நாளைத் தொட்டியில் உட்கார்ந்து கழிப்பதா?


லாஸ்குரூசஸ் அக்கா எழுதியது:

மோவாப் அழகான ஊர், மறுக்கவில்லை. ஆனால் டிசம்பரில் அங்கே பனி விழலாம், பல இடங்களுக்கு ஏறி இறங்க வேண்டும். முழங்கால் தேய்ந்தவரை டெலிகேட் ஆர்ச் என்ற அந்தப் பாறை வளைவுக்கு எப்படி ஏற்றுவீர்கள், தூக்கிக்கொண்டா? கடைகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. வாரத்தின் நடுவில் சாப்பாட்டுக் கடைகள் பல மூடியிருக்கும், திறந்ததும் இரவு எட்டுக்குள் சாத்திவிடும்.

அதனால் தம்பி, குக்கரும் அரிசியும் எடுத்து வந்துவிடு. சமையலறை இருக்கிற அறையாகக் கேட்டு வாங்கு. வெளியில் சாப்பிட்டால் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா, பச்சை மிளகாய்க் குழம்பில் கறி இருக்கிறதா என்று இரண்டையும் கேள். மிளகாய்க் குழம்பு சிவப்பா பச்சையா என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்துமஸ்' என்று சொல்ல வேண்டும். முதல் தடவை நான் பண்டிகை வாழ்த்து என்று நினைத்து "உங்களுக்கும்" என்றேன்.

இன்னொன்று, இதைச் செய்யாவிட்டால் வருத்தப்படுவாய். வடக்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் போஸ்கே டெல் அப்பாச்சி பறவைகள் சரணாலயம். டிசம்பரில் சாண்ட்ஹில் கொக்குகளும் வெள்ளை வாத்துகளும் ஆயிரக்கணக்கில் இருக்கும். விடிவதற்குள் அங்கே இருக்க வேண்டும். வெளிச்சம் வந்ததும் குளத்தை விட்டு மொத்தமாகக் கிளம்பும். நடக்கவே வேண்டாம், வண்டியை விட்டு இறங்கி நின்றால் போதும். குல்லாவும் கையுறையும் மறக்காதே, அந்த நேரத்துக்கு உறைநிலைக்குக் கீழே இருக்கும்.

ஒயிட் சாண்ட்ஸ் வெள்ளை மணல் மேடுகளைப் பார்க்கப் போகிற எண்ணம் இருந்தால் ஒரு முழு நாள் ஒதுக்கு. திரும்பி வரும் வழியில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது. லாஸ் குரூசஸைத் தாண்டி வடக்கே ஐ-25இல் இன்னொன்று. அப்பாவின் பாஸ்போர்ட்டும், நாட்டுக்குள் வந்த பதிவான ஐ-94 படிவத்தின் அச்சுப் பிரதியும் கையில் இருக்கட்டும். பத்திரமாக வீட்டில் வைத்திருக்கிறேன் என்ற பதில் அங்கே செல்லாது. உன்னுடையதும்தான்.


ஃபீனிக்ஸ்வாசி எழுதியது:

போய் வந்துவிட்டோம். அக்கா, உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் அப்பா நேரே ஆற்றங்கரைக்கு நடந்தார். நீங்கள் சொன்ன மாதிரியே கணுக்கால் தண்ணீர், நடுவில் மணல் திட்டு, இரண்டு வாத்து. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மேட்டூர் வசனத்தை நான் தயாராக வைத்திருந்தேன், அவர் முந்திக்கொண்டார்: "அணை எங்கப்பா இருக்கு?"

மறுநாள் எலிஃபன்ட் பியூட் போனோம். எதிர்க் கரைப் பாறையில் பழைய நீர்மட்டம் வெள்ளைப் பட்டையாகத் தெரிகிறது, தண்ணீர் அதற்கு எவ்வளவோ கீழே. அந்த வெள்ளைக்கும் தண்ணீருக்கும் நடுவில் எத்தனை அடி என்று கணக்குப் போட்டார், போட்டார், அப்படிப் போட்டார். ஏரிக்குள் யானை மாதிரி இருக்கிற குன்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கு உடனே தெரிந்தது. "தும்பிக்கையைத் தண்ணிக்கு நீட்டுது பாரு, எட்டல" என்றார்.

குளியல்: தனி அறை, கூழாங்கல் தொட்டி, வேட்டி. முதல் நாள் பதினைந்து நிமிடத்தில் எழுப்பினேன், கோபம். இரண்டாம் நாள் காலை, மதியம், இரவு என்று மூன்று முறை. முழங்கால் குணமாகிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் நாள் விடியற்காலையில் கொக்குப் பார்க்க என்னை எழுப்பியது அவர்தான். படியில் கைப்பிடி தேடாமல் இறங்கினார். அந்தக் கொக்குகள் கிளம்பும்போது வந்த சத்தத்தைப் பற்றி நான் எழுத முயலப் போவதில்லை. அப்பா அன்று மதியம் வரை பேசவில்லை, எங்கள் வீட்டில் இது செய்தி.

ஒரே குறை, நாங்கள் தங்கிய விடுதியில் சூடேற்றி முதல் இரவு வேலை செய்யவில்லை. கேட்டதற்கு இன்னும் இரண்டு போர்வை தந்தார்கள். அப்பா நள்ளிரவில் போய்த் தொட்டியில் உட்கார்ந்துவிட்டார், அது வேறு விஷயம்.

சாலைப்பித்தன் அண்ணா, கடைகள் பற்றி நீங்கள் சொன்னதும் உண்மைதான். குக்கர் காப்பாற்றியது.

இப்போது புதுத் தலைவலி. தண்ணீர் திறக்கும்போது ஆற்றைப் பார்த்தே ஆக வேண்டுமாம். அவருக்கு ஜூன் கடைசி வரை இங்கே இருக்க அனுமதி இருக்கிறது. ஜூனில் போகலாமா அக்கா, வெயில் தாங்குமா?


லாஸ்குரூசஸ் அக்கா எழுதியது:

ஜூனில் பகல் 95 டிகிரியை ஒட்டி இருக்கும், 100ஐத் தொடுகிற நாளும் உண்டு. மாயவரத்து வேர்வை இருக்காது, ஆனால் தோல் காயும். விடியற்காலையும் சாயங்காலமும் வெளியே, நடுப்பகல் அறைக்குள் என்று வைத்துக்கொண்டால் தாங்கும். எந்தத் தேதியில் திறப்பார்கள் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், மேட்டூருக்கு ஜூன் 12 மாதிரி நிலையான நாள் கிடையாது. பனி குறைந்த வருடம் என்றால் தாமதமாகத் திறப்பார்கள், சீக்கிரம் மூடுவார்கள். மே மாதம் எனக்கு ஒரு செய்தி போடு, எங்கள் வீட்டுக்குப் பின்னால் மணல் நனைந்ததும் சொல்கிறேன். உங்கள் நேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும் அப்போது ஒரு மணி வித்தியாசம் இருக்கும், அதையும் பார்த்துக்கொள். இந்தத் தடவை வழியில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அப்பாவிடம் நான் அந்த வெள்ளைப் பட்டைக் கணக்கைக் கேட்க வேண்டும்.