‘பாயிண்ட்’ என்பதற்குச் ‘சுட்டல்’ வேண்டாம், வேறு சொல் உண்டா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நான் இருப்பது விஸ்கான்சினில். ஒன்றரை வருடத்துக்கு முன் ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. உடம்பெல்லாம் பொடிப்பொடியாகப் புள்ளி. மகள் மிளகு என்று பெயர் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த இன நாய்களோடு பல வருடம் வேட்டைக்குப் போனவர். அவர் கையைப் பிடித்து இழுத்ததில் நானும் களத்துக்கு வந்துவிட்டேன். இங்கே இன்னும் இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்கள் இதே வகை நாய் வைத்திருக்கின்றன. அவர்கள் கேட்டதால், புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்னக் கையேடு எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

மாட்டிய இடம் ‘பாயிண்ட்’. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். புல்வெளியில் நாய் காற்றுக்கு எதிராக இடமும் வலமும் ஓடித் தேடுகிறது. காடையின் வாசம் மூக்கில் ஏறிய கணத்தில், ஓடிய வேகத்திலேயே உறைந்துவிடுகிறது. வால் விறைக்கும். சில சமயம் ஒரு முன்கால் மடங்கி அந்தரத்தில் நிற்கும். விலா மட்டும் ஏறி இறங்கும். பறவை பத்தடி தள்ளிப் புல்லுக்குள் பதுங்கியிருக்கும். நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நாம் நடந்துபோய்ப் பறவையைக் கிளப்பும்வரை நாய் அங்கேயே நிற்கவேண்டும்.

இதற்கு முதலில் ‘சுட்டல்’ என்றுதான் எழுதினேன். எழுதியதைத் தொலைபேசியில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்: “மிளகு சுட்டதும் நான் மெதுவாகப் பின்னால் போனேன்.”

“யாரைச் சுட்டுச்சு?” என்றார்.

துப்பாக்கியும் கூடவே வருகிற துறையில் ‘சுட்டது’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளமுடியாது. ‘சுட்டியது’ என்று எழுதினாலும், அவசரத்தில் படிப்பவர் ‘சுட்டது’ என்றுதான் படிப்பார். ‘பாயிண்டர்’ இனத்தைச் ‘சுட்டி’ என்றால் கணினி எலி நினைவுக்கு வருகிறது. அது போகட்டும், மிளகு நிஜமாகவே சுட்டிதான்.

அப்பா கேட்ட அடுத்த கேள்விதான் என்னை உலுக்கியது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் சிப்பிப்பாறை நாய் வைத்திருந்தவர் அவர். “முயலைக் கண்டுபிடிச்சிட்டுப் பிடிக்காம நிக்கிற நாய்க்கா பரிசு? எங்க காலத்துல அந்த நாய்க்குக் கஞ்சியே கிடையாதே!” சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கிற நாய்கள். அங்கே பாய்ச்சலுக்கும் பிடிக்கும் சொல் உண்டு. நிற்பதற்குச் சொல் தேவையே படவில்லை.

இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் ‘ஃபீல்டு ட்ரையல்’ ஒன்று, ‘ஹன்ட் டெஸ்ட்’ இன்னொன்று. ‘களப் பரிசோதனை’ என்றால் நெல் ரகமும் தடுப்பூசியும் அல்லவா ஞாபகத்துக்கு வருகிறது? நான் முன்னதைக் களப்போட்டி என்றும் பின்னதைக் களத்தேர்வு என்றும் பிரித்திருக்கிறேன். தேர்வு பிளஸ் டூ மாதிரி: மதிப்பெண் எடுத்தால் எல்லாரும் தேறலாம். போட்டி மருத்துவ சீட்டு மாதிரி: மற்ற நாய்களை முந்தினால்தான் இடம். புதிதாக வருகிறவர் தேர்விலிருந்து தொடங்குவதே நல்லது. அமெரிக்கக் கென்னல் கிளப்பின் இளநிலைத் தேர்வில் நான்கு தலைப்பு: தேடும் ஆர்வம், பறவையைக் கண்டுபிடிக்கும் திறன், அந்தப் பெயரில்லாத ‘பாயிண்ட்’, பயிற்சிக்கு இணங்குதல். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். எதிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது, சராசரி 7 வேண்டும். இப்படி 4 முறை தேறினால் பட்டம்.

வட அமெரிக்காவில் 1969-இல் தொடங்கிய பல்திறன் வேட்டைநாய்ச் சங்கம் ஒன்று உண்டு. அங்கே இயல்திறன் தேர்வு எழுத நாய்க்கு 16 மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. (நாய் தேர்வு ‘எழுதுகிறது’ என்று எழுதிவிட்டேன், பாருங்கள். அப்படியே இருக்கட்டும்.)

சொல் தாருங்கள்.

*

> இதற்கு முதலில் ‘சுட்டல்’ என்றுதான் எழுதினேன்.

அன்புடையீர், சுட்டலைக் கைவிட்டது நல்லது. அச்சொல் இலக்கணத்தில் சுட்டெழுத்தாக ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

என் முன்மொழிவு: குறிநிலை. குறி என்றால் இலக்கு, அடையாளம் இரண்டும்.

பழைய வழக்கையும் பார்க்கலாம். பெரும்பாணாற்றுப்படையில் கானவர் நாய்களோடு புதரை அடித்துக் கலைத்து, வலை மாட்டி முயலை வளைக்கிறார்கள். அங்கே புதரை அடிப்பதற்கு ‘எருக்கி’ என்ற வினை வருகிறது. பறவையைக் கிளப்புவதற்கு ‘எருக்குதல்’ என்று வைத்தால் இரண்டாயிரம் ஆண்டுச் சொல் ஒன்று உயிர் பெறும்.

*

ஐயா, குறிநிலை நல்ல சொல்தான். ஆனால் துப்பாக்கிக்காரரும் ‘குறி பார்க்கிறார்’. நாய் குறிநிலையில், ஆள் குறி பார்க்கையில், கையேட்டைப் படிப்பவர் கதி என்ன? பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் குறி என்று கேட்டதும் எதற்குச் சிரிப்பார்கள் என்பதை ஆசிரியையான நான் விளக்க வேண்டியதில்லை. எருக்குதல் என்றால் என் மாணவர்களுக்கு எருக்கஞ்செடிதான். ‘கிளப்புதல்’ இருக்கிறதே, ஊரே சொல்கிறதே.

மற்ற மொழிகளில் எப்படி என்று தேடினேன். ஆங்கிலேயருக்குத்தான் நாய் ‘காட்டுகிறது’, ஸ்பானியருக்கும் அப்படியே. ஜெர்மனில் அது ‘ஃபோர்ஷ்டேயன்’, அதாவது முன்னால் நிற்பது. பிரெஞ்சில் ‘அரே’, நிறுத்தம். இத்தாலியனில் ‘ஃபெர்மா’, அதுவும் நிற்பதே. மிளகு ஜெர்மன் இனம் என்பதால் ஜெர்மானியர் பக்கம் சாய்வதில் தப்பில்லை.

என் யோசனை: மோப்பநிலை. வினையாக, நிலைகொள்ளுதல். “மிளகு நிலைகொண்டது.”

*

அண்ணே, நான் சிவகங்கைப் பக்கம். ‘நிலைகொண்டது’ என்றதும் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான் ஞாபகம் வருது. சும்மா சொன்னேன். நல்லாத்தான் இருக்கு.

நான் கேட்க வந்தது வேற. இந்தப் போட்டிகளில் வயசுப் பிரிவு இருக்கா? எங்க மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டுன்னு பிரிப்போம். குட்டி நாய்ப் பிரிவுக்குப் பூஞ்சிட்டுன்னு வெச்சா என்ன? ரெண்டு ரெண்டாத்தான் ஓடுமாமே, அதுக்கு ‘ஜோடி’யே போதும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் இங்க நாயோட வேட்டைக்குப் போக முடியாது, போகவும் கூடாது. ஆனா இந்தச் சொல்லெல்லாம் தாத்தாக்களோட போயிடக்கூடாதுன்னு ஓர் ஆசை.

*

நண்பர்களே, எல்லாருக்கும் நன்றி. வரிசையாகச் சொல்கிறேன்.

ஆசிரியை அம்மாவின் நிலைகொள்ளுதலை எடுத்துக்கொண்டேன். ஒரு சொல்லாக மட்டும் பார்த்தால் மற்றவையும் மோசமில்லை. ஆனால் ‘நிலை’யை வைத்தால் ஒரு குடும்பமே கிடைக்கிறது. பறவை சடசடவென்று எழுந்தாலும், வெடி வெடித்தாலும் நாய் அசையாமல் நிற்பது மேல்நிலைத் தேர்வுகளில் கேட்கிற பெரிய பாடம், அதற்கு நிலைகாத்தல். பொறுக்கமுடியாமல் பாய்ந்துவிட்டால் நிலைகுலைதல். மோப்பம் பிடித்து நின்றும் அங்கே பறவை எதுவும் இல்லையென்றால் வெற்றுநிலை. பறவை நடந்து நழுவிப் போயிருக்கலாம், நாய்க்கு வாசம் மட்டும் மிஞ்சியிருக்கும்; அதனால் ‘பொய்நிலை’ என்று நாயைப் பொய்க்காரனாக்க மனம் வரவில்லை.

இன்னொன்று இருக்கிறது. ஜோடியில் ஒரு நாய் நிலைகொண்டதைப் பார்த்ததுமே, வாசம் பிடிக்காத மற்ற நாயும் தூரத்திலேயே நின்று மரியாதை காட்டவேண்டும். இதற்கு ஒருவர் தனிமடலில் ‘வழிமொழிதல்’ என்று அனுப்பியிருந்தார். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டு நாய்கள் பேரூராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் போடுகிற மாதிரி இருக்கிறது! ஆனால் அந்த ‘வழி’ அருமை. முதல்நூலுக்கு வழிநூல் போல, நிலைக்கு வழிநிலை என்று வைத்துவிட்டேன்.

பூஞ்சிட்டு அண்ணனுக்கு: ஆமாம், பிரிவு உண்டு. அமெரிக்கக் களப்போட்டியில் குட்டிப் பிரிவு 6 மாதத்திலிருந்து 15 மாதம் வரை. அதற்கு அடுத்த டெர்பிப் பிரிவு 2 வயதுவரை. குட்டிப் பிரிவில் நடுவர் பார்ப்பது துணிச்சலும் தேடும் வெறியும்தான். குட்டி உறுதியாக நிலைகொண்டால் அதற்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது. இது தெரியாமல் எத்தனையோ பேர் ஆறு மாதக் குட்டியைச் சிலை மாதிரி நிற்கவைக்கப் பாடுபட்டு, அதன் ஓட்டத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். ஆகவே பூஞ்சிட்டு மிகப் பொருத்தம். சிட்டுப் பறக்கட்டும், நிற்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கையேட்டில் ‘பூஞ்சிட்டுப் பிரிவு’ என்றே போட்டிருக்கிறேன். டெர்பியை டெர்பி என்றே விட்டேன், அதைத் தமிழாக்கி ஒருவருக்கும் பயனில்லை.

இந்தப் போட்டிகளுக்கு வயது அதிகம். இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் சவுத்ஹில் என்ற இடத்தில் 1865-இல் நடந்ததை முதல் களப்போட்டி என்பார்கள். அமெரிக்காவில் 1874, மெம்பிஸ் அருகில். அவர்களுக்குச் சொல் திரள 150 வருடம் ஆகியிருக்கிறது. நமக்கு ஒரு வாரத்தில் இத்தனை வந்ததே அதிகம்.

வெடி விஷயத்துக்கு வருகிறேன். இளநிலைத் தேர்வில் வெற்றுத் தோட்டா மட்டும்தான், ஆனாலும் சத்தம் சத்தம்தான். ‘வெடிமிரட்சி’ என்று எழுதியிருக்கிறேன். தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில் போகிற நாயைப் பார்த்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அது பெரும்பாலும் நாம் உண்டாக்குவது. பெரியவர் எனக்குச் சொன்ன முறை: குட்டி பறவையைத் துரத்தி ஓடுகிற உற்சாகத்தில் இருக்கும்போது, வெகுதூரத்தில் ஒரு சின்ன வெடி. அது காதையே திருப்பவில்லையென்றால் அடுத்த நாள் கொஞ்சம் கிட்டே. காதைத் திருப்பினால் மறுபடி தூரம். மிளகுக்கு இதிலேயே ஆறு வாரம் போனது.

முதல் தேர்வில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மிளகுக்கு அப்போது பதினொரு மாதம். பனி ஈரத்தில் முழங்கால்வரை நனைந்துகொண்டு நான் பின்னால் ஓட, குதிரைமேல் நடுவர்கள் வர, ஏழாவது நிமிடத்தில் ஒரு கோரைப்புல் திட்டின் ஓரம் நிலைகொண்டது. வால் நுனி மட்டும் துடித்தது. நான் பதினைந்தடி தூரத்தில். இன்னும் நாலு எட்டு வைத்தால் போதும். அது என்னைத் திரும்பிப் பார்த்தது, பிறகு புல்லைப் பார்த்தது, பாய்ந்தது, காடையை வாயில் கவ்வியது. அப்புறம் இருபது நிமிடம் நானும் மிளகும் வயல் முழுக்க ஓடிப்பிடித்து விளையாடினோம். நடுவர் ஒருவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார், சிரிப்பை மறைக்கத்தான். அப்பாவிடம் சொன்னேன். “பிடிச்சிட்டுதுல்ல? அப்புறம் என்ன!” என்றார். அவர் ஒருவர் மட்டும்தான் பாஸ் போட்டார்.

கடைசியாக ஒன்று. இதற்கு மட்டும் எனக்குச் சொல் அகப்படவில்லை. அந்தத் தேர்வுக்குப் பிறகு வெட்கத்தில் நான் அவசரப்பட்டேன். முப்பதடிப் பிடிகயிற்றைக் கட்டி, பறவை பக்கம் மிளகு ஓரடி நகர்ந்தாலே வெடுக்கென்று இழுத்தேன். நாலு நாளில் அது வேறொன்று கற்றுக்கொண்டது: பறவை இருக்கிற இடத்தில் கழுத்து வலிக்கும். காடை வாசம் வந்ததும் மூக்கு ஒரு நொடி திரும்பும். உடனே ஒன்றுமே நடக்காத மாதிரி வளைத்துக்கொண்டு போய் அடுத்த புதரை மோந்துகொண்டிருக்கும். ஆங்கிலத்தில் ‘பிளிங்க்’ என்கிறார்கள், தேர்வில் இதைவிட மோசமான குறை குறைவு. கயிற்றைக் கழற்றிப்போட்டு, திட்டாமல், கயிறில்லாமல் பறவைகளோடு விளையாடவிட்டு, பழைய மிளகைத் திரும்பப் பெற மூன்று மாதம் ஆனது. கையேட்டில் இது தனி அத்தியாயம். தலைப்பு வேண்டும். ‘கண்சிமிட்டல்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

*

> ‘கண்சிமிட்டல்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பாராமுகம்.

*

அம்மா, இதற்கு விவாதமே வேண்டாம். தலைப்பை மாற்றிவிட்டேன்.