ரஸ்ட் கேமில் உடம்பை ஒதுக்கிக் கொடுத்தது சரியா?

கார்குழலி:
2016-இல் ‘ரஸ்ட்’ என்ற ஆன்லைன் கேமில் பெண் உருவங்கள் வந்தன. ஆணா பெண்ணா என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. கேம் வாங்கி ஆடும் ஸ்டீம் தளத்தில் உள்ள நம் கணக்கை வைத்து கேமே ஒன்றை ஒதுக்கிவிடும். தோல் நிறமும் ஏற்கெனவே அப்படித்தான். ஆண்கள் பலர் கொதித்துப் போனார்கள். நான் எத்தனையோ கேம்களில் ஆண் உடம்போடுதான் ஆடியிருக்கிறேன், அதைத் திணிப்பு என்று யாரும் சொன்னதில்லை. ரஸ்ட் செய்தது சரி என்பது என் கட்சி.

பழையஜாய்ஸ்டிக்:
எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு திருநர் தான் விட்டு விலகி வந்த உடம்பையே கேமிலும் சுமக்க வேண்டுமா? மனிதர்களை உருவாக்கி வாழவைக்கும் ‘சிம்ஸ் 4’ கேம் அதே 2016-இல் உடை, உடல்வாகு, நடை, குரல் எல்லாவற்றிலும் ஆண்-பெண் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. யாருக்கு என்ன நஷ்டம்?

கார்குழலி:
திருநர் பற்றி நீங்கள் சொன்னது சரி, நான் அதை யோசிக்கவில்லை. ஆனால் சிம்ஸை உதாரணம் காட்டாதீர்கள். அதில் கருந்தோலைத் தேர்ந்தெடுத்தால் முகம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். ஆடியவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகு, 2020 டிசம்பரில்தான் நூற்றுக்கும் மேற்பட்ட நிறங்கள் வந்தன. கேம் வந்தது 2014-இல்! தேர்வு இருந்தது, தேர்ந்தெடுக்கத்தான் ஒன்றும் இல்லை.

அரைத்தூக்கம்:
கதை உள்ள கேமில் தேர்வே வேண்டாம். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2’-இல் நாயகி எல்லி, டீனா என்ற பெண்ணைக் காதலிக்கிறாள். அதை ஒரு பொத்தானால் மாற்ற முடிந்தால் அவள் எல்லியே இல்லை.

பழையஜாய்ஸ்டிக்:
அதில் எனக்குச் சண்டையே இல்லை. எல்லி எழுதப்பட்ட பாத்திரம். ரஸ்டில் அப்படி யாரும் இல்லை, நான்தான் இருக்கிறேன். 2014-இல் ‘அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி’க்குப் பெண் உருவம் செய்ய வேலை அதிகம் என்று சாக்குச் சொன்னார்களே, அப்போது பெண்கள் பக்கம் நின்று கத்தியவன் நான். நான் யாராக ஆடுவது என்பதை அடுத்தவர் முடிவு செய்யக் கூடாது. அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன்.

கார்குழலி:
உங்கள் வாதம் புரிகிறது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். ரஸ்டில் என் தம்பிக்குப் பெண் உடம்பு வந்தது. முதல் வாரம் முழுக்க மைக்கை அணைத்தே ஆடினான். ஏன்டா என்றேன். “குரலைக் கேட்டா ஓட்டுவாங்கக்கா” என்றான். ஆன்லைனில் ஆட ஆரம்பித்த நாளிலிருந்து நான் மைக்கைத் திறந்ததே இல்லை. ஏன் என்று அவன் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டான்.