மறு: வைஃபை மோடத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம். கொமடோர் 64 போன்ற பழைய வீட்டுக் கணினியை வைஃபை வழியே இணையத்தில் சேர்க்கும் சின்னப் பலகைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

> அருகலைப் பண்பேற்றி என்று வைத்தால் என்ன?

அருகலை என்றால் வைஃபை, பண்பேற்றி என்றால் மாடுலேட்டர். வைக்கலாம். ஆனால் பழைய மோடம் பிட்டுகளை ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்பியது. மறுமுனையில் ஒலியை மீண்டும் பிட்டுகளாக்கியது. பண்பேற்றம், பண்பிறக்கம் என்பது அங்கே பொருந்தியது. கொமடோர் 64-இன் முதுகில் நாம் செருகும் பலகையில் அந்த ஒலிக்கு வேலையே இல்லை. (வைஃபை அலையிலும் பண்பேற்றம் உண்டே என்பீர்கள். கைப்பேசியிலும்தான் உண்டு, அதை யாரும் பண்பேற்றி என்பதில்லை.)

> அப்படியானால் போலி மோடம்?

போலி என்றதும் போலி மருந்து, போலிச் சாமியார்தான் நினைவுக்கு வருகிறார்கள். இது பாவம், ஒழுங்காக உழைக்கிற பொருள்.

என்ன உழைப்பு என்று பாருங்கள். 1982-இல் வந்த அந்தக் கணினியின் மோடம் மென்பொருளுக்குத் தெரிந்தது, மோடத்தை ஏவ 1981-இல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் கொண்டுவந்த ஏ-டி கட்டளைகள்தான். டயல் செய்யச் சொல்லும் ஏ-டி-டி-டி என்ற கட்டளையைத் தட்டி, தொலைபேசி எண் வர வேண்டிய இடத்தில் சேவையகத்தின் முகவரியைப் போடுகிறோம். பலகையிலுள்ள இ.எஸ்.பி. 8266 என்ற வைஃபை சில்லு அதை வாங்கிக்கொண்டு, தானே போய் டி.சி.பி. என்ற இணைய முறையில் இணைப்பைத் திறந்து, "கனெக்ட்" என்று பதில் சொல்கிறது. ஏதோ ஊரில் யாரோ ஃபோனை எடுத்துவிட்டதாகக் கணினி நம்புகிறது. நேற்று 1,200 பாட் (நொடிக்குச் சுமார் 120 எழுத்து) வேகத்தில் ஓட்டினேன். வரிக்கு 40 எழுத்தாக 25 வரி கொண்ட திரை முழுக்க எழுத்து நிரம்ப எட்டு நொடிக்கு மேல் ஆனது. வரி வரியாக ஊர்ந்து வந்ததை வீட்டில் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

இந்தப் பக்கம் ஒரு பேச்சு, அந்தப் பக்கம் வேறு பேச்சு, நடுவில் இரண்டும் தெரிந்த ஒருவர். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அந்த வேலை. ஆகவே என் சொல்: துபாசி.

இதில் இன்னொரு வசதி: எது துபாசி, எது இல்லை என்று பிரித்துச் சொல்லலாம். 2003-இல் ஆடம் டங்கல்ஸ் வெளியிட்ட கான்டிக்கி என்ற சிறிய இயங்குதளத்தை ஈதர்நெட் அட்டையோடு ஓட்டினால், கொமடோரே இணைய நெறிமுறையைப் பேசும். அங்கே துபாசிக்கு இடமில்லை, அது வெறும் வலையட்டை. அடாரி என்ற பழைய கணினிக்காரர்கள் செருகும் ஃபுஜிநெட் கருவியோ பெரிய துபாசி: 8-பிட் கணினியால் தாங்க முடியாத மறையாக்கத்தையும் (என்கிரிப்ஷன்) அதுவே பார்த்துக்கொள்கிறது.

வடமொழி வேர் என்று ஆட்சேபம் வரும். "இருமொழியி" என்று நானே முயன்றேன், வாயில் நிற்கவில்லை. துபாசியைச் செருகு, துபாசியில் கோளாறு, இரண்டு துபாசிகள் வாங்கினேன். எந்த வேற்றுமையிலும் இடறவில்லை.

கட்டளைகளுக்கும் சொல் வேண்டும். டயல் செய்வதற்கு "அழை" போதும். இணைப்பைத் துண்டிக்கும் ஏ-டி-எச்சுக்கு "துண்டி" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஃபோனில் பேசி முடித்தால் நாம் என்ன சொல்கிறோம்? "வை."