குமாரசம்பவத்தில் இரவில் ஒளிரும் மூலிகை எது?

காளிதாசரின் குமாரசம்பவம் முதல் சருக்கத்தைத் தமிழாக்குகிறேன். பத்தாவது பாடலில் மூன்று வாரமாக நிற்கிறேன். இமயத்துக் குகைகளில் இரவில் மூலிகைகள் எண்ணெய் ஊற்றாத விளக்காக ஒளிர்கின்றனவாம்.

மற்ற இடங்களில் அவர் பார்வை அவ்வளவு துல்லியம். சுமார் 3000 மீட்டருக்கு மேல் வளரும் பூர்ஜ (பிர்ச்) மரத்தின் பட்டை தாள் தாளாக உரியும். அதில்தான் வித்யாதரப் பெண்கள் காதல் கடிதம் எழுதுகிறார்கள். யானை கன்னம் தேய்த்த சரள மரத்தில், அதாவது இமயத்துப் பைனில், பால் வடிந்து மணக்கிறது. பைன் மரக் கீறலில் பிசின் வெளுத்து உறைந்திருப்பதை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

‘ஒளியுடையது’ என்ற பெயரை வைத்து ஜோதிஷ்மதியைத் தேடினேன். அது வாலுளுவை, விதை எண்ணெயில் விளக்கெரிக்கலாம், செடி ஒளிராது. அப்புறம் மட்கிய கட்டையில் ஒளிரும் பூஞ்சை. வெளிச்சம் பொருந்துகிறது, பாடலில் மூலிகைக்கு வரும் ‘ஓஷதி’ என்ற சொல்லுக்கு ஒட்டவில்லை.

தாவரவியல் படித்தவர்கள், இமயத்தில் நடந்தவர்கள் சொல்லுங்கள்: இரவில் ஒளிர்வதாக அந்த மலைக்காரர்கள் காட்டும் செடி எது?