அடிபட்டு விடுப்பில் இருப்பவரை சட்ட நிறுவனமே நீக்கினால்?

கேள்வி:
நான் சட்ட நிறுவனத்தில் கோப்புப் பிரிவு ஊழியர். ஆவண அறையில் பெட்டி இறக்கும்போது இடுப்பில் அடி. மேலாளரிடம் வாயால் சொன்னதோடு சரி. விடுப்பு முடிவதற்குள் "வேலைத்திறன் போதாது" என்று நீக்கக் கடிதம். கூடவே, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று ஒரு பத்திரம். இரண்டு நாளில் கையெழுத்து வேண்டுமாம். எங்கே தொடங்குவது?

பதில் 1:
அந்தப் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போடவே கூடாது. படித்துப் பார்க்க அவகாசம் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள்.

காய இழப்பீடும் வேலைநீக்கமும் பெரும்பாலும் தனித்தனி வழக்குகள். மன்றமும் கெடுவும் வேறு வேறு. இழப்பீட்டு மனு நடக்கிறதே என்று இருந்துவிட்டு நீக்கத்துக்கான கெடுவைக் கோட்டை விடுகிறவர்கள் அதிகம்.

விபத்தை இன்றே எழுத்தில் கொடுங்கள்: தேதி, நேரம், இடம், பெட்டியின் உத்தேச எடை, யாரிடம் சொன்னீர்கள், பார்த்தவர்கள் யார். பழைய தேதி போடாதீர்கள். "இன்ன நாளில் வாய்மொழியாகத் தெரிவித்ததை இப்போது எழுதித் தருகிறேன்" என்றால் போதும். மருத்துவரின் முதல் குறிப்பில் வெறும் "இடுப்பு வலி" என்றிருந்தால், நாள்பட்ட வலி என்று வாதிடுவார்கள். அடி எப்படிப் பட்டது என்பதை அடுத்த முறை போகும்போது சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

பதில் 2:
நீக்கத்தில் தேதி வரிசைதான் உயிர். கடைசி இரண்டு மதிப்பீடுகள், ஊதிய உயர்வு, முதல் குறை எழுத்தில் வந்த நாள், இவற்றை விபத்துத் தேதிக்குப் பக்கத்தில் வையுங்கள். அதுவரை ஒரு குறையும் எழுதப்படவில்லை என்றால் "வேலைத்திறன்" காரணம் ஆட்டம் காணும். காயத்தால் தற்காலிகமாக வராமலிருப்பது நீக்கக் காரணமாகாது என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை (1982). ஏற்காத நாடுகள் பல. அங்கே உள்நாட்டுச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பதில் 3:
சட்ட நிறுவனம் என்பதால் ஒரு எச்சரிக்கை. ஆதாரத்துக்காகக் கட்சிக்காரர் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அந்த ரகசியம் கட்சிக்காரருடையது. மீறினால் நீக்கத்துக்கு நீங்களே புதுக் காரணம் கொடுத்ததாகும். எந்த ஆவணம், என்ன தேதி என்று மட்டும் குறித்துக்கொண்டு, விபத்துப் பதிவேடு, நுழைவு அட்டைப் பதிவு, சிசிடிவி காட்சி, மின்னஞ்சல் எதையும் அழிக்கக் கூடாது என்று கடிதம் கொடுங்கள். சிசிடிவியில் பழைய காட்சி தானாக அழிந்துவிடும், அதனால் இதுதான் முதல் வேலை. பணி ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு (தகராறை நீதிமன்றத்தில் அல்லாமல் நடுவரிடம் தீர்க்க வேண்டும் என்ற விதி) இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த நிறுவனத்தோடு தொழில் தொடர்பு இல்லாத வக்கீலாகப் பிடியுங்கள்.